வெளிய போறதுக்குப் பாஸ் வேண்டாம்

வாங்க அம்மிணி, வாங்க. கூச்சப்படாம உள்ள வாங்க. பாத்ரூம்தானுங்களே தேடறீங்க? அது இங்க இல்லீங்க. அந்த அம்புக்குறி வேப்பமரத்துக்குப் பொறத்தால காட்டுது, ஆனா பாக்கறவங்களுக்கு என்ற வாசப்படியைக் காட்டற மாதிரியே இருக்கும். ஞாயித்துக்கிழமையானா பத்துப் பேராச்சும் வந்துருவாங்க. போன வாரம் ஒரு ஆளு பேண்ட் பெல்ட்டைத் தளத்திக்கிட்டே அடுப்படி வரைக்கும் வந்துட்டாரு. நான் ரசத்துக்குத் தாளிச்சுட்டிருக்கேன்.

அவசரம்னா எங்கூட்டுதுலயே போயிட்டு வாங்க. பரவால்லீங்க. இந்தா, இப்படி இடதுகைப் பக்கம்.

வந்தாச்சா? இப்படிக் காத்தாட உக்காருங்க. தண்ணி குடிங்க, சிறுவாணி. எங்க கோயமுத்தூர்ல வேற எதை வேணும்னாலும் கொறை சொல்லுங்க, தண்ணியை மட்டும் சொல்லக் கூடாது. தனியாவா வந்தீங்க? ஓ, ஊட்டுக்காரரும் கொழந்தையும் படகு க்யூவுல நிக்கறாங்களா. அப்ப முக்கா மணி நேரம் ஆகும், நிதானமா உக்காருங்க. இங்க வர்றவங்க பாதிப் பேரு இதை ஷோவுக்கு வெச்ச ஊடுன்னு நெனைச்சுக்குவாங்க. அந்தக் காலத்துல மில்லுக்காரங்க எப்படி இருந்தாங்கன்னு காட்டறதுக்கு வெச்சிருக்கறதா. ஒருக்கா இந்தச் சேர்லயே கண்ணசந்து உக்காந்திருந்தனுங்க. ஒரு அம்மா வந்து என்ற தோளைத் தொட்டுப் பாத்துட்டு, "அச்சு அசல் ஆளு மாதிரியே செஞ்சிருக்காங்க"ன்னுச்சு. நான் கண்ணைத் தொறந்தேன் பாருங்க, அது போட்ட கூச்சல்ல செக்யூரிட்டி ஓடி வந்துருச்சு.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. அக்கரையில என்னமோ பாத்தேன். நீங்க குடிங்க.

அம்மிணி, ஒரு ஒத்தாசை. படிச்ச பொண்ணாட்டத் தெரியுது. என்ற கண்ணாடி ஒரு காது ஒடஞ்சு கெடக்குது. ஒரு பாரம் எழுதிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும். இந்தாங்க பேனா. பேரு ராஜாமணி. கணவர் பேரு காலஞ்சென்ற நாச்சிமுத்து. வயசு அறுபத்திமூணு. ஊட்டு நம்பரு ஏழு, மில் லைன். மொத்தம் நாப்பத்திமூணு ஊடு இருந்துச்சுங்க இங்க, இப்ப ஏழாம் நம்பரு மட்டும்தான். அஞ்சாவது பழைய பாஸ் நம்பரு, அதை நான் டப்பாவுல இருந்து எடுத்துத் தர்றேன். ஆறாவது கட்டத்தை மட்டும் விட்டுருங்க.

என்ன கேட்டிருக்குதா? வீட்டில் வசிப்போர் எண்ணிக்கைன்னு போட்டிருக்கும். தெரியுமுங்க. அதை விட்டுருங்க, அப்பறம் பாக்கலாம்.

பாஸ் எதுக்குன்னு கேக்கறீங்களா? அதைக் கேக்க மாட்டீங்களான்னுதான் இருந்தேன். நீங்க டிக்கெட் எடுத்து, கையில அந்தப் பச்சைக் காயிதப் பட்டையைக் கட்டிட்டு வந்தீங்க இல்ல? ரெண்டு மணி நேரம் சுத்திப் பாக்கலாம்னு. நேரத்துக்கொரு நிறம், நேரம் முடிஞ்சா அந்த நிறத்தை ஸ்பீக்கர்ல சொல்லி அனுப்பிருவாங்க. நான் இங்கயே குடியிருக்கறவ. எனக்கு என்ற ஊட்டுக்குள்ள வர்றதுக்குப் பாஸ் வேணும். எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா இந்த அநியாயத்தை?

அழகாத்தான் இருக்குது, பொய் சொல்லக் கூடாது. முந்தி நீங்க பாத்திருக்கோணும் இந்தக் கொளத்தை. ஆகாயத்தாமரை மூடித் தண்ணியே தெரியாது. சாயத் தண்ணியும் சாக்கடையும் சேந்து அப்படி ஒரு நாத்தம். ஒறம்பரைக, சொந்தபந்தம் வந்தா மூக்கைப் புடிச்சிட்டுத்தான் சோறுண்ணுவாங்க. அந்தா தெரியுது பாருங்க செங்கல் கட்டடம், அதுதான் மில்லு. எங்கூட்டுக்காரரு ஸ்பின்னிங். நான் ரீலிங்ல இருந்தேன், நூலைச் சிட்டமாச் சுத்தற வேலை. சங்கு ஊதுனா எந்திரிப்போம், சங்கு ஊதுனா சோறாக்குவோம், கொழந்தைக்குப் பால் குடுக்கறதுகூட சங்கு ஊதறதை வெச்சுத்தான். மில்லு மூடி இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப ஸ்பின்னிங் ஓடுன ஹால்ல பீட்சா சுடறாங்க. புகைக்கூண்டுக்குக் கலர் லைட்டுப் போட்டிருக்காங்க. அந்தச் சங்குச் சத்தத்தை எங்கிருந்தோ புடிச்சு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்பீக்கர்ல போடறாங்க. வந்தவங்க எல்லாம் வெளிய போகோணும்னு அர்த்தம். அந்தக் காலத்துல அதே சங்குக்கு நாங்க உள்ள ஓடுனோம்.

கொளத்தைச் சீர் பண்றோம்னு ஆபீசருக வந்தப்ப, லைன் ஊடுக எல்லாத்தையும் காலி பண்ணச் சொன்னாங்க. அக்கரையில அடுக்குமாடி கட்டிக் குடுத்தாங்க. மொதல்ல கையெழுத்துப் போட்டது ஆருன்னு நெனைக்கறீங்க? எட்டாம் நம்பரு மருதாசலம். எங்கூட்டுக்காரரும் அவரும் ஒரே ஷிப்ட்டு, ஒரே சங்கம், ஒரே டிபன் கேரியர்ல சோறுண்டவங்க. அந்த மனுசன் மொதல் கையெழுத்தைப் போட்டுட்டு வந்து, "நாச்சி, மழை வந்தா முழங்கால் தண்ணியில எத்தனை வருசம்டா நிக்கறது?"ன்னாரு. எங்கூட்டுக்காரரு அவர்கிட்டப் பேசறதை நிறுத்துனவருதான், சாகற வரைக்கும் பேசல. எழவுக்கு வந்துட்டு வாசல்லயே நின்னுட்டுப் போனாரு அந்த மருதாசலம். நான் உள்ள கூப்பிடல.

எங்களுக்குப் பட்டா இருந்துச்சுங்க. கோர்ட்டுக்குப் போனோம். அவரு இருக்கற வரைக்கும் அவரு அலைஞ்சாரு, அவருக்கப்பறம் நான் அலைஞ்சேன். தீர்ப்பு என்ற பக்கம் வந்துச்சு. ஊட்டைத் தொடக் கூடாதுன்னு ஜட்ஜய்யா எழுதிட்டாரு. அன்னிக்கி இந்த வாசல்ல வெடி வெச்சேன். மத்த நாப்பத்திரெண்டு ஊட்டையும் இடிச்சாங்க, என்ற ஊட்டு ஓடு ஒண்ணுகூட அசையல.

ஊட்டைத் தொடக் கூடாதுன்னாரு. சுத்தி வேலி போடக் கூடாதுன்னு சொல்லலியே. ஊட்டைக் கொளத்தோட சேத்து உள்ள வெச்சு வேலியைப் போட்டுட்டாங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்கோணும்ல? நாலு வருசமாச்சு. ரெண்டு பேருக்கு ரெண்டு பாஸ் குடுத்தாங்க, போட்டோ ஒட்டி, நீலக் கயிறு போட்டு. வருசத்துக்கு ஒருக்கா ஐப்பசியில புதுப்பிக்கோணும்.

ரெண்டாவது பாஸ் என்ற பொண்ணுக்கு. பாமா. ஒரே பொண்ணுங்க. பம்ப்செட்டுக் கம்பெனியில பில்லிங்ல இருந்தா. கணக்குல புலி, ஆனா வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பிருவா. அதனால ரெண்டு பாஸையும் நானே வெச்சுக்கிட்டேன். அந்த மைசூர்பா டப்பாவுல போட்டு, டப்பாவை அரிசித் தொட்டிக்குள்ள வெச்சேன். அவ கேப்பா, "அம்மா, என்ற பாஸை எங்கிட்டயே குடு"ன்னு. "தொலைச்சுருவே கண்ணு"ம்பேன். ஒரு நாளும் அவளுக்குச் சிரமம் வெக்கல. காத்தால அவ வேலைக்குப் போயிருவா. சாயங்காலம் ஆறே காலுக்கு நான் கேட்டுல பாஸோட நிப்பேன். மழையா, காச்சலா, ஒரு நாள் தவறுனதில்ல. கூட வேலை செய்யற பொண்ணுக எல்லாம் பஸ்ஸுல இருந்து எட்டிப் பாக்கும். இந்தக் காலத்துல எந்த அம்மா நிப்பா சொல்லுங்க?

இந்த வேலியாலதான் என்ற பொண்ணுக்குக் காலாகாலத்துல ஒண்ணும் நடக்கலீங்க. சத்தியமாச் சொல்றேன். பொள்ளாச்சியில இருந்து ஒரு இடம், பொண்ணு பாக்க வந்தாங்க. பன்னெண்டு பேரு. பன்னெண்டு பேரும் டிக்கெட் எடுத்து, கையில ஆளுக்கொரு பட்டையைக் கட்டிட்டு உள்ள வந்தாங்க. எனக்கு மானமே போச்சு. அதுல பாதிப் பேரு படகு பாக்கப் போயிட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா மட்டும் உக்காந்து, "ஊடு நல்லாக் காத்தோட்டமா இருக்குதுங்க"ன்னுது. பஜ்ஜியைத் தட்டத்துல வெச்சேன். ஸ்பீக்கர்ல சொல்றான், "மஞ்சள் பட்டை அணிந்தவர்கள் தயவுசெய்து வெளியேறவும்"னு. பன்னெண்டு பேரும் பஜ்ஜியும் கையுமா எந்திரிச்சு ஓடறாங்க. மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிட்டு ஓடறாரு. பாமா செவுத்துல சாஞ்சு சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.

என்ன ஆச்சா? அவங்க சரின்னுதான் சொல்லியனுப்புனாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். ஒரு பட்டைக்குப் பயந்து ஓடறவன் என்ற பொண்ணைக் கடைசி வரைக்கும் காப்பாத்துவானா?

அப்ப அவளுக்கு வயசா? முப்பத்திமூணு. சரிங்க, வேலி போட்டே நாலு வருசந்தான். அதுக்கு முந்தியும் வந்துச்சு. ஒண்ணு திருப்பூரு, தூரம். ஒண்ணு சிங்காநல்லூரு, கிட்டதான், ஆனா கூட்டுக் குடும்பம். ஒருத்தன் நல்ல பையன், வங்கியில வேலை, அவனுக்கு மாத்தலாயிட்டே இருக்கும்னாங்க. அப்பன் இல்லாத பொண்ணை ஊரு ஊராத் தாட்டி விடறதுங்களா? நீங்களே சொல்லுங்க. நீங்க சிரிக்கறீங்க. இருக்கட்டும்.

வேலையில இருந்து வந்தா, கையைக் காலைக் கழுவிட்டு, இந்தப் படியில உக்காந்து கொளத்தையே பாத்துட்டு இருப்பா பாமா. காபி ஆறிப் போறது தெரியாம பாப்பா. எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கும். பொண்ணுக்கு எதுவும் குடுக்காட்டியும், இந்தக் கொளத்தைக் குடுத்திருக்கோம்னு நெனைச்சுக்குவேன். அந்தப் படகுத் துறையில ஒருத்தன் வர்றவங்களுக்கு ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டி விட்டுட்டு நிப்பான். அது யாருங்கறீங்க? மருதாசலத்தோட மகன் ரகுபதி. எட்டாம் நம்பர்ல டவுசர் போட்டு ஓடுன பையன். ரெண்டு வருசம் என்ற கண்ணு முன்னாலயே நின்னிருக்கான். அவ கொளத்தையா பாத்தா?

ஒருக்கா அவளே சொன்னா. "அம்மா, ரகுபதி நல்ல மாதிரிம்மா"ன்னா. நான் சாம்பார்க் கரண்டியைக் கீழ வெச்சுட்டு, "மொதல் கையெழுத்துப் போட்ட ஊட்டுக்கு என்ற பொண்ணு வெளக்கேத்தப் போகாது"ன்னேன். அவ அப்பறம் அந்தப் பேச்சே எடுக்கல. அவ அடங்கிட்டான்னு நான் நெனைச்சுட்டேன்.

போன வைகாசி, ஒரு வெள்ளிக்கிழமை காத்தால பத்து மணி. கைப்பையை மட்டும் மாட்டிட்டு வந்து, "போயிட்டு வர்றேம்மா"ன்னா. லீவுதானேன்னு கேட்டேன். "கொஞ்சம் வேலை இருக்குது"ன்னு சொல்லிட்டு எறங்கிட்டா. எனக்கு என்னமோ சரியாப் படல. எந்திரிச்சுப் போயி அரிசித் தொட்டிக்குள்ள கையை உட்டேன். டப்பா இருந்துச்சு. ரெண்டு பாஸும் இருந்துச்சு. எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. பாஸ் இல்லாம எங்க போயிருவான்னு, மிக்ஸியில சட்டினி அரைக்கப் போயிட்டேன்.

ஆறே காலுக்குக் கேட்டுல நின்னேன். ஏழாச்சு. ரெண்டு பாஸும் என்ற கழுத்துல தொங்குது. கேட்டுல நிக்கற செக்யூரிட்டி பிலோமினா, நல்ல பொம்பளை, அது வந்து என்ற கையைப் புடிச்சு, "அம்மா, யாருக்கு நிக்கறீங்க? பாமா காத்தாலயே போயிருச்சே"ன்னா. "அவ பாஸ் எங்கிட்ட இருக்குது"ங்கறேன். "வெளிய போறதுக்கு நாங்க பாஸ் கேக்கறதில்லம்மா. உள்ள வர்றதுக்குத்தான்"னுச்சு.

மூணு வருசம் அதைப் பூட்டி வெச்சிருந்தனுங்க. அவளும் ஒரு நாள்கூடச் சொல்லல.

ரெஜிஸ்டர் ஆபீசுல கல்யாணம். மருதாசலம்தான் சாட்சிக் கையெழுத்து. அந்த ஆளுக்குக் கையெழுத்துப் போடறதே தொழிலு.

பாமா வந்தா. வராம இருக்கல, அதைச் சொல்லோணும். அடுத்த மாசத்துல இருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்தா. டிக்கெட் எடுத்துட்டு வந்தா, உங்களையாட்டம். மொத மூணு வாரம் எதுத்தாப்புல கொளத்தோரம் அந்த பெஞ்சுலயே உக்காந்திருந்தா. நான் இங்க, அவ அங்க. நடுவுல ஊருசனமெல்லாம் நின்னு போட்டோ புடிக்குது. நாலாவது வாரம் தூறல் போட்டுச்சு, "நனையாத, உள்ள வா"ன்னேன். வந்து காபி குடிச்சா. ஸ்பீக்கர்ல அவ பட்டை நிறத்தைச் சொன்னதும் டம்ளரைக் கழுவி வெச்சுட்டு எந்திரிச்சா. இது அவ பொறந்த ஊடுங்க. இந்த ரூம்ல தவழ்ந்தவ. டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போறா, விருந்தாளியாட்டம்.

பாஸ் ஏன் குடுக்கலன்னு கேக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. ஒவ்வொரு வாரமும் எடுத்து மடியில வெச்சுக்கத்தான் செஞ்சேன். அப்பறம் இப்படித் தோணும். பாஸ் குடுத்தா நெனைச்சப்ப வருவா, நெனைச்சப்பப் போவா, இல்லாட்டி அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டுருவா. டிக்கெட் எடுத்துட்டு வர்றான்னா என்னைப் பாக்கோணும்னே வர்றான்னு அர்த்தம். என்ன, நான் சொல்றது சரிதானுங்களே?

ஐப்பசி வந்துச்சு. பாரம் குடுத்தாங்க. இதே பாரம். எத்தனை பேருன்னு கேக்குது. ரெண்டுன்னு போட்டா ரெண்டு பேரும் நேர்ல ஆபீசுக்கு வரோணும். பாமா சொன்னா, "ஒண்ணுன்னு போட்டுப் புதுப்பிச்சுக்கம்மா, நான்தான் இங்க இல்லியே"ன்னு. எவ்வளவு சுளுவாச் சொல்லிட்டா பாருங்க. நானும் அவரும் இந்த ஊட்டுக்கு வரையில ரெண்டு பேரு. பாமா பொறந்து மூணு. அவரு போயி ரெண்டு. எங்கையால நான் ஒண்ணுன்னு எழுதறதா? ஒண்ணுன்னு எழுதறதுக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சேன்? உங்களையாட்டம் வர்றவங்க முப்பது பேருகிட்டயாச்சும் இந்தப் பாரத்தை எழுதச் சொல்லியிருப்பேன். எல்லாரும் அழகா எழுதுவாங்க. அந்தக் கட்டம் வந்ததும் கிழிச்சுப் போட்டுருவேன். பிலோமினா புதுசு கொண்டாந்து குடுத்துட்டே இருக்குது.

ஐப்பசியோட தேதி முடிஞ்சு போச்சு. ஆமாங்க. நாலு மாசமாச்சு. நான் வேலியைத் தாண்டல. தாண்டுனா திரும்பி வர்றதுக்குப் பாஸ் இல்ல. தக்காளி, வெங்காயம் எல்லாம் பிலோமினா வாங்கியாருது. அதுவே சொல்லுச்சு, "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் கண்டுக்காம உடறேன்"னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என்ற ஊட்டுக்குள்ள நான் போறதுக்கு நீ கண்ணை மூடிக்கோணுமான்னு கேட்டேன். பாவம், அன்னிக்கி அது அழுதுட்டே போச்சு.

பாமா இப்ப ஏழு மாசம்.

ஆமாங்க. முப்பத்தேழு வயசுல. டாக்டரு அதிகம் நடக்கக் கூடாதுன்னுட்டாங்க, கேட்டுல இருந்து இங்க வர்றதுக்கு அரைக் கிலோமீட்டரு, அதனால தை மாசத்தோட வர்றது நின்னுது. தலைப்பிரசவம் தாய் ஊட்டுலதானே? அதானே மொறை? நான் கட்டில் எல்லாம் தட்டிப் போட்டு வெச்சேன். அவ கடைசியா வந்தப்ப சொன்னா, "ராத்திரியில வலி எடுத்தா ஆம்புலன்ஸ் உள்ள வராதும்மா, பாட்டரி வண்டிதான். நீ அங்க வந்துரும்மா. எனக்குப் பயமா இருக்குது"ன்னு. பாமா பயமா இருக்குதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்லீங்க. அப்பவும் நான் என்ன சொன்னேன்? "எங்கூட்டை விட்டு நான் எங்கயும் வர மாட்டேன்"ன்னேன். வக்கீலுகிட்டச் சொன்ன அதே வார்த்தை. வாயில அதுதான் வந்துச்சு.

போன புதன்கெழமை மருதாசலம் வந்தாரு. கையில பச்சைப் பட்டை, இன்னொரு கையில தாம்பூலத் தட்டு. முட்டி தேஞ்சு போச்சு, குச்சி ஊனிட்டு வந்தாரு. வாசல்ல நின்னாரு. நான் வாங்கன்னு சொல்லல. எங்க பக்கம் ஊடு தேடி வந்தவங்களை வாங்கன்னு கேக்காட்டி அதை விடப் பெரிய அவமானம் கெடையாது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நின்னுட்டே சொன்னாரு, "ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. அஞ்சு மணிக்குள்ள நல்ல நேரம். அம்மா கையால மொதல் வளையல் போட்டாத்தான் மத்தவங்க போடோணும்னு பாமா சொல்லிருச்சு. அது சொன்னாச் செய்யும், உன்ற பொண்ணு"ன்னாரு. தட்டை இந்தப் படியில வெச்சாரு. குனிய முடியாம குனிஞ்சு வெச்சாரு. அப்பவாச்சும் வாங்கன்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம்.

எந்த ஞாயித்துக்கிழமையா? இன்னிக்கித்தானுங்க.

அந்தா, அக்கரையில நாலாவது கட்டடத்துக்குக் கீழ, மஞ்சச் சாமியானா தெரியுதுங்களா? காத்தால கட்டுனாங்க. அதைத்தான் பாத்துட்டு இருக்கேன். சேரெல்லாம் போட்டாங்க. சனமெல்லாம் வந்தாச்சு. ஒரு மணி நேரமா அப்படியே உக்காந்திருக்காங்க. அவளும் மணையில உக்காந்திருப்பா. இடுப்பு வலிக்கும்.

மணி நாலாச்சுங்களா? இந்தப் பையைப் பாருங்க. கண்ணாடி வளையல் ரெண்டு டஜன், பச்சையும் செவப்பும், பிலோமினா வாங்கியாந்தது. இது வேப்பிலைக் காப்பு. அதைத்தான் மொதல்ல மாட்டோணும். காத்தால அந்த மரத்துல ஈர்க்கு ஒடிச்சு நானே வளைச்சேன். நீங்க வெளிய போவீங்க இல்ல? அக்கரைக்கு ஆட்டோவுல பத்து நிமிசந்தான். கொண்டுபோயி ராஜாமணி குடுத்தான்னு குடுத்துருங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம் அம்மிணி.

என்ன? என்ன சொல்றீங்க? நானா?

டிக்கெட்டா?

நல்லாச் சொன்னீங்க போங்க. இத்தனை நேரம் கேட்டும் உங்களுக்கு விளங்கலையே. என்ற பட்டா இருக்கற ஊட்டுக்கு நான் டிக்கெட் எடுத்துட்டு வர்றதா? டிக்கெட் எடுத்தா அப்பறம் நானும் வேடிக்கை பாக்க வந்தவதானே? எங்கூட்டுக்காரரு மேல இருந்து பாத்தாருன்னா என்ன சொல்லுவாரு? அவரு தோத்ததில்லீங்க. நாங்க தோத்ததில்ல.

இருங்க. கோவிச்சுக்காதீங்க. சித்தெ இருங்க. அஞ்சாவது கட்டத்துக்குப் பாஸ் நம்பரு வேணும்னு சொன்னன்ல, டப்பாவை எடுத்தாறேன்.

இந்தாங்க. இது என்ற பாஸு. இது அவளுது. போட்டோவுல எப்படி முழிக்கறா பாருங்க. அதுவா? அதெல்லாம் அவளோட பட்டைங்க. போகையில அறுத்து இந்த ஜன்னல் மேல வெச்சுட்டுப் போயிருவா. குப்பையில போட மனசு வரல. பச்சை, மஞ்சள், ஊதா. இது அந்தத் தூறல் போட்ட அன்னிக்கி, சாயம் போயிருக்குது பாருங்க. இது தீவாளிக்கு. இது கடைசியா வந்தது. எத்தனை இருக்கும்? முப்பது இருக்குமா?

முப்பது வாட்டி டிக்கெட் எடுத்திருக்கா. பொறந்த ஊட்டுக்கு. அவ ஒருக்காலும் அதை அவமானம்னு சொன்னதில்லீங்க.

நீங்க எந்திரிச்சுட்டீங்க. ஆமா, படகு முடிஞ்சிருக்கும், கொழந்தை தேடும். போங்க. பாரம் கெடக்கட்டும். இன்னிக்கி ஞாயித்துக்கிழமை, ஆபீசும் இல்ல.

அம்மிணி, நில்லுங்க. அந்தப் பையைக் குடுங்க. வேப்பிலைக் காப்பை மத்தவங்க மாட்டக் கூடாது, பெத்தவ கையால மாட்டறதுதான் மொறை. நீங்க சித்தெ இந்தப் பூட்டைப் புடிங்க, நான் சாவியைத் தேடறேன். நாலு மாசமாப் பூட்டாததுல எங்க வெச்சேன்னே தெரியல. சேலை இது போதுங்களா? பரவால்லீங்களா? மாத்தற நேரமில்ல. இந்தா, சாவி. சாமி படத்துக்குப் பொறத்தாலதான் இருக்குது.

என்ற கையைக் கொஞ்சம் புடிச்சுக்குங்க. படி எறங்கறதுக்கு இல்லீங்க, அதெல்லாம் நான் எறங்கிருவேன். சும்மா புடிச்சுக்குங்க.

வெளிய போறதுக்கு ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்ல? ஆமா, அது எனக்கே தெரியுமே. திரும்பி வரையில அந்த டிக்கெட் கௌண்டர்ல நின்னு, பெரியவங்க ஒண்ணுன்னு சொன்னாப் போதுங்களா, இல்ல பேரும் சொல்லோணுமா?